முப்பத்தேழாம் நம்பர் வொர்க்கர்

வெள்ளிக்கிழமை. காலை 10.46.

மாரிசாமி ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். மைசூரில் போகாதி ரிங் ரோட்டை ஒட்டி நாலு மாடி எழும்பிக்கொண்டிருந்த கட்டடம். வேலை நின்றிருந்தது. சாரத்துக்குக் கீழே யாரோ அவசரமாக மணலைக் கொட்டியிருந்தார்கள். மணலின் ஓரத்தில் சிவப்பு கசிந்திருந்தது.

“ஆளு எங்கய்யா?”

“டெம்போல ஏத்தி அனுப்பிட்டோம்,” என்றார் மேஸ்திரி. “இப்பத்தான். அஞ்சு நிமிஷம் ஆவுது.”

“எப்ப விழுந்தாரு?”

“பத்து பன்னெண்டுக்கு. அப்பலேர்ந்து உங்க ஆப்பை அமுக்குறேன். சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது.”

மாரிசாமி தன் போனை எடுத்துப் பார்த்தார். அழைப்பு வந்த நேரம் 10.41. அவர் ஒன்பதரை மணியிலிருந்து போகாதி சர்க்கிளில் சும்மா நின்றிருந்தார். அங்கிருந்து இங்கே வர நாலு நிமிடம்.

“கவர்மெண்ட் வண்டிக்கு அடிச்சிருக்கலாமில்ல?”

“அதுக்கு அடிச்சா போலீஸ், பேப்பருன்னு வரும். உங்க ஆப்பைத்தான் அமுக்கணும்னு பில்டர் ஆர்டரு.”

10.58-க்கு, மருத்துவமனை வாசலில், டெம்போவுக்குள்ளேயே சந்திரன் இறந்தான். முப்பத்து நாலு வயது. கொத்தனார். அதே கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்த அவன் மனைவி பாக்கியலட்சுமி, மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூரிலிருந்து அவனோடு வந்தவள், அவன் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை. காலை 11.20.

புகார் சைபர் போலீஸுக்கு வந்தது. கொடுத்தவர் வைத்யநாதன். ‘த்வரிதா’ ஆம்புலன்ஸ் சேவையின் முதலாளி, ஐம்பத்தாறு வயது. அரசு வேலைக்காக மைசூர் வந்த தாத்தாவின் மூன்றாம் தலைமுறை.

சப் இன்ஸ்பெக்டர் கனகலக்ஷ்மி புகாரை இரண்டு முறை படித்தாள். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவரின் மகள். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் போலீஸுக்கு வந்தவள். எதையும் வாய்விட்டுக் கேட்டுத் தெளிந்துகொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு.

“உங்க இன்ஜினியர் ஜீவிதா வேணும்னே சர்வரை முடக்கினான்னு எழுதியிருக்கீங்க.”

“ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தா மேடம். கோபம். அதுல பண்ணிட்டா. ஒரு உயிர் போயிடுத்து பாருங்கோ.” அவர் குரல் தழுதழுத்தது. “எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாது. எங்க டெக்னிகல் ஹெட் கௌரிசங்கர்தான் 10.40-க்குக் கண்டுபிடிச்சு, சரி பண்ணி, சர்வரை மறுபடி ஓட விட்டான்.”

புகாரோடு ஒரு பக்கம் இணைத்திருந்தது. கம்பெனி சர்வரில் யார் எதை மாற்றினாலும் அவரே கணினியில் எழுதிவைக்க வேண்டிய பதிவேட்டின் நகல். கடைசி வரி: வெள்ளி, 10.06. ஜீவிதா. வொர்க்கர் எண்ணிக்கை 32-லிருந்து 4 ஆக்கப்பட்டது. அதற்கு முந்தைய வரி இரண்டு மாதம் பழையது.

மதியம் 12.45.

விஜயநகரில் இருந்த த்வரிதா அலுவலகத்தில் நான்கு மேசைகள், ஒரு மீட்டிங் அறை, சுவரில் ஒரு பெரிய திரை. திரையில் பச்சைக் கட்டங்கள். வரிசைக்கு எட்டு, மொத்தம் ஐந்து வரிசை. சில கட்டங்கள் அவ்வப்போது மஞ்சளாகி மறுபடி பச்சையாயின.

கௌரிசங்கருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். முகம் தூங்காத முகம்.

“வொர்க்கர்னா என்ன? எனக்குத் தெரிஞ்ச மாதிரி நினைச்சுக்காம சொல்லுங்க.”

“சர்வருக்கு ஒரு இணைப்பு வருதுன்னா, அதை எடுத்துப் பேச ப்ரோக்ராம்ல ஒருத்தன் வேணும் மேடம். வந்தப்புறம் ஒருத்தனை உண்டாக்கினா லேட் ஆகும். அதனால முன்னாடியே கொஞ்சம் பேரை உண்டாக்கி ரெடியா உட்கார வச்சிருப்போம். ஒரு இணைப்பு வந்தா சும்மா இருக்கிறவன் எடுப்பான். முடிஞ்சதும் திரும்பி வந்து அடுத்ததை எடுப்பான்.”

“எல்லாரும் வேலையா இருந்தா?”

“வர்றது வரிசைல நிக்கும்.”

“ஒருத்தன் கைல இருக்கிற இணைப்பு ஒண்ணுமே பேசாம சும்மா இருந்தா?”

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். “அந்தப் பக்கம் வைக்கிற வரைக்கும் இவனும் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்.”

“எண்ணிக்கையை மாத்தினா உடனே பலிக்குமா?”

“இல்ல. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விடணும்.”

“நேத்து 10.40-க்கு நீங்க அதைச் செஞ்சீங்க.”

“ஹௌது மேடம், ஆமா,” என்றான் மேசையைப் பார்த்துக்கொண்டு.

“வைத்யநாதன் நேத்து காலைல எங்கே இருந்தார்?”

“மீட்டிங் ரூம்ல. பெங்களூர்லேர்ந்து கம்பெனியை வாங்கப் பார்க்கிறவங்க வந்திருந்தாங்க. பத்து மணின்னு சொல்லியிருந்தாங்க. ஆஷாட வெள்ளி இல்லையா, சாமுண்டி மலைக் கூட்டத்துல மாட்டிக்கிட்டு பத்தேகாலுக்குத்தான் வந்தாங்க. 10.40-க்குக் கிளம்பிட்டாங்க.”

கனகலக்ஷ்மி சர்வரின் வெள்ளிக்கிழமைப் பதிவுகளை முழுதாக நகல் எடுத்துக்கொண்டாள். கம்பெனி மெயில்களையும் கேட்டாள். சர்வர் எப்போதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் கட்டளையை அவளே தட்டிப் பார்த்து, வந்த விடையைக் குறித்துக்கொண்டாள். கௌரிசங்கர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

மாலை 4.30.

குவெம்புநகரில் ஒரு மாடி அறை. ஜீவிதாவுக்கு இருபத்து மூன்று வயது. கொள்ளேகால்காரி. கதவைத் திறந்தபோதே அழுது முடித்திருந்தாள்.

“நேத்து 10.06-க்கு எங்கே இருந்தே?”

“என்ற டேபிள்லதானுங்க மேடம். பக்கத்துல யாரும் இல்ல. நான் எதையும் தொடலைன்னு சொல்ல எனக்குச் சாட்சி இல்லீங்க.”

“ராஜினாமா ஏன் கொடுத்தே?”

“ஒரு மாசம் முன்னாடி மெயில் போட்டேனுங்க. சார் ரெண்டு பேருக்கும். பேசாத இணைப்பைப் பத்து நொடில விட்டுறணும்னு எழுதினேன். ரெண்டு நிமிச வேலைங்க. யாரும் செய்யல. கேட்டாப் பாக்கலாம் பாக்கலாம்ங்கறாங்க. ஆம்புலன்ஸ் வேலைல இப்படின்னா எனக்குப் பயமா இருந்துச்சுங்க.”

“பதிவேட்டுல உன் பேர்ல வேற யார் எழுத முடியும்?”

“எழுதலாமுங்க. முதலாளி, கௌரிசங்கர் சார், ரெண்டு பேர்கிட்டயும் பெரிய சாவி இருக்கு. யார் பேர்ல, எந்த நேரம் போட்டு வேணும்னாலும் எழுதலாம்.”

கிளம்பும்போது ஜீவிதா கேட்டாள். “மேடம், அவங்க வீட்டுல கொழந்தை இருக்குங்களா?”

“ஒரு பொண்ணு. ஆறு வயசு.”

ஜீவிதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை.

கனகலக்ஷ்மி வீட்டில் உட்கார்ந்து பதிவுகளை வரி வரியாகப் படித்தாள். ஒவ்வொரு வொர்க்கரும் ஓர் இணைப்பை எடுக்கும்போது நேரம், தன் எண், இணைப்பு வந்த இடம் என்று ஒரு வரி எழுதும். வெறும் எண்கள். மதியச் சாப்பாட்டை மறந்தாள். 10.06-க்குக் கீழே வந்ததும் பென்சிலை எடுத்து எண்களைச் சுழித்தாள். 3, 11, 18, 29, 33, 37. மறுபடி 11. மறுபடி 37.

பிறகு பத்து மணிக்கு மேலே போனாள். அங்கே ஒரே இடத்திலிருந்து வந்த இணைப்புகள் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்தாள். முப்பத்து நாலு. எல்லாம் 10.00-லிருந்து 10.02-க்குள். எல்லாம் 10.40-க்கு ஒன்றாக முடிந்திருந்தன. நடுவில் ஒன்றுகூட ஒரு வார்த்தை பேசவில்லை.

வரிசையில் நின்ற இணைப்புகளின் பதிவில் சந்திரனின் கட்டடத்திலிருந்து வந்த கோரிக்கையையும் தேடினாள். அது ஒரு முறை வரவில்லை. 10.12-லிருந்து 10.41 வரை பத்தொன்பது முறை வந்திருந்தது. மேஸ்திரி பொத்தானை மறுபடி அமுக்கிய ஒவ்வொரு தடவையும் பழைய இணைப்பு அறுந்து, புதியது வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது.

அவள் பென்சிலை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

திங்கட்கிழமை. மாலை 4.10.

த்வரிதா மீட்டிங் அறை. வைத்யநாதன், கௌரிசங்கர், ஜீவிதா. வாசலில் ஒரு கான்ஸ்டபிள்.

“காபி சொல்லட்டுமா மேடம்?”

“பேடா சார், வேண்டாம். உட்காருங்க.” கனகலக்ஷ்மி காகிதங்களைப் பரப்பினாள். “பதிவேட்டுல 10.06-க்கு வொர்க்கர்ஸ் 32-லிருந்து 4 ஆச்சுன்னு இருக்கு. ஜீவிதா பேர்ல. அந்த வரி பொய்.”

“எப்படிச் சொல்றேள்?”

“10.06-லேர்ந்து 10.40 வரைக்கும் ஆறு வொர்க்கர் வேலை பார்த்திருக்காங்க. நாலுதான் இருந்ததுன்னா ஆறு பேர் எங்கேர்ந்து வந்தாங்க? அதோட, சர்வர் 10.40-க்கு நிக்கவும் இல்ல, மறுபடி ஓடவும் இல்ல. அது பதினேழு நாளா நிக்காம ஓடுதுன்னு சனிக்கிழமை நானே பார்த்தேன். எண்ணிக்கை மாறவே இல்ல. யாரும் சர்வரைத் தொடல. பதிவேட்டுல ஒரு வரி சேர்த்தாங்க, அவ்வளவுதான்.”

வைத்யநாதன் கௌரிசங்கரைப் பார்த்தார். “இவன்தானே சரி பண்ணினேன்னு சொன்னான்?”

“அவர்கிட்ட அப்புறம் வர்றேன். அந்த வரியை எழுதினது மூணு பேர்ல ஒருத்தர். யாருன்னு அந்த வரியே சொல்லுது.” அவள் ஒரு எண்ணின் மேல் விரல் வைத்தாள். “ஆறு பேர்ல ஒருத்தனோட நம்பர் முப்பத்தேழு. முப்பத்திரண்டு பேர் இருக்கிற இடத்துல முப்பத்தேழாம் நம்பர் எப்படி?”

அவள் வெளியே இருந்த திரையின் பக்கம் கை காட்டினாள்.

“வெளியே திரைல கட்டங்களை எண்ணினேன். எட்டு, அஞ்சு வரிசை. நாப்பது. கௌரிசங்கர், நாப்பது எப்போ ஆக்கினீங்க?”

“சனிக்கிழமைக்குப் பதினேழு நாள் முன்னாடி,” என்றான் மெல்ல.

“அப்போதான் நிறுத்தி ஓட விட்டீங்க. பதிவேட்டுல எழுதினீங்களா?”

“மறந்துட்டேன் மேடம்.”

“அந்த மறதிதான் காட்டிக்கொடுத்தது. நாப்பது ஆக்கின நீங்க 32-ன்னு எழுத மாட்டீங்க. ஜீவிதா நிஜமாவே மாத்தியிருந்தா ஃபைலைத் திறந்திருப்பா. திறந்தா நாப்பதுன்னு கண்ணு முன்னாடி இருக்கும். அவளும் 32-ன்னு எழுத மாட்டா. சர்வரையே பார்க்காத ஒருத்தர்தான் பழைய நம்பரை எழுதுவார். அந்தப் பழைய நம்பர் எங்கே இருக்கு?”

அவள் ஒரு மெயிலை எடுத்து வாசித்தாள்.

“‘இப்போது நம்மிடம் 32 வொர்க்கர்கள் இருக்கிறார்கள். 28 பேர் பேசாத இணைப்புகளில் மாட்டிக்கொண்டு 4 பேர் மட்டும் மிஞ்சினால், ஊர் முழுவதும் வரிசையில் நிற்கும்.’ ஜீவிதா ஒரு மாசம் முன்னாடி எழுதினது. முப்பத்திரண்டு. நாலு. ரெண்டு நம்பரும் இந்த மெயில்லேர்ந்து அப்படியே போயிருக்கு. இது போனது ரெண்டே பேருக்கு. ஒருத்தர் கௌரிசங்கர். இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாதவர்.”

வைத்யநாதனின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

“எதுக்காகன்னும் சொல்றேன் சார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முப்பத்தி நாலு இணைப்பு இந்த ரூம்லேர்ந்து போயிருக்கு. இதோ இந்த லேப்டாப்லேர்ந்து. உங்க சேவைல சேர்ந்திருக்கிற கட்டடம் எத்தனை?”

“பதினொண்ணு,” என்றாள் ஜீவிதா.

“பதினொண்ணு. பெங்களூர்க்காரங்களுக்குப் பெரிய மேப்ல நாப்பத்தஞ்சு புள்ளி காட்டணும். மீதி முப்பத்தி நாலும் போலி. நிஜக் கட்டடம் அப்பப்போ ஒரு வார்த்தை பேசிட்டு வச்சிடும். போலிப் புள்ளி எரியணும்னா இணைப்பு திறந்தே இருக்கணும். ஒரு இணைப்புக்கு ஒரு வொர்க்கர். முப்பத்தி நாலு பேர் போலிப் புள்ளியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. மிஞ்சின ஆறு பேருக்கு, ஓடுற ஆம்புலன்ஸ்கள் எங்கே இருக்குன்னு கேக்கறதுக்கே நேரம் சரியாப் போச்சு. விருந்தாளிங்க பத்தேகாலுக்கு வந்து 10.40-க்குப் போனாங்க. நீங்க லேப்டாப்பை மூடினீங்க. அடுத்த நிமிஷம் அழைப்பு மாரிசாமிக்குப் போயிடுச்சு.”

கௌரிசங்கர் எழுந்து நின்றான்.

“அந்தப் ப்ரோக்ராம் நான் எழுதினது மேடம். அஞ்சு நிமிஷம் மட்டும் ஓட்டுங்கன்னு சொன்னேன். அவங்க லேட்டா வருவாங்கன்னு...” அவன் ஜீவிதாவைப் பார்க்கவில்லை. “அன்னைக்குச் சாயங்காலம் அந்த வரியைப் பார்த்தேன். 32-ன்னு இருந்தது. யார் எழுதினதுன்னு பார்த்ததும் புரிஞ்சுது. சார் கூப்பிட்டு, நீ சரி பண்ணினதா சொன்னாப் போதும், உன் பேர் வெளியே வராதுன்னார்.”

“சார்,” என்றாள் ஜீவிதா அவனிடம். “எங்கப்பா சனிக்கிழமை நியூஸைப் பாத்துட்டு பஸ் ஏறி வந்து, நெசமா நீ செஞ்சியான்னு கேட்டாருங்க.”

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

வைத்யநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் இப்போது தழுதழுப்பு இல்லை. “மேடம், ஒண்ணு கேக்கறேன். மூணாவது மாடில பெல்ட் கட்டாம நின்னது யார்? நான் தள்ளி விட்டேனா?”

“இல்ல சார்,” என்றாள் கனகலக்ஷ்மி. “விழுந்தவனைத் தூக்க வண்டி வரலைன்னதும், இருபத்து மூணு வயசுப் பொண்ணைத் தள்ளி விட்டீங்க. எழுந்திருங்க.”

அடுத்து வந்த வாரங்கள்.

வைத்யநாதன் ஒன்பதாம் நாள் ஜாமீனில் வந்தார். பொய்ப் பதிவு, பொய்ப் புகார் என்று வழக்கு. மரணத்துக்கான வழக்கு மேஸ்திரி மேல் போயிற்று, பெல்ட் கொடுக்கவில்லை என்று. ஆம்புலன்ஸ் தாமதத்தால்தான் சாவு என்று நிரூபிக்க முடியாது என்றார் மேலதிகாரி. பெங்களூர்க்காரர்கள் விலையைக் குறைத்துக் கம்பெனியை வாங்கிப் பெயரை மாற்றினார்கள். டெக்னிகல் ஹெட்டாகக் கௌரிசங்கரையே வைத்துக்கொண்டார்கள், சர்வர் தெரிந்தவன் வேறு ஆள் இல்லை என்று. ஜீவிதாவின் பெயர் வழக்கிலிருந்து நீங்கியது. ஆனால் அவள் பெயரைத் தேடினால் முதலில் வருவது, அவள்தான் சர்வரை முடக்கினாள் என்று சனிக்கிழமை வந்த செய்திதான். மூன்று இடங்களில் நேர்முகம் போனாள். மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

பாக்கியலட்சுமி வாக்குமூலம் கொடுக்க ஒரு புதன்கிழமை ஸ்டேஷனுக்கு வந்தாள். மகளைக் கொளத்தூரில் விட்டுவிட்டு, பாலாறு செக்போஸ்ட் தாண்டி, மாதேஸ்வரன் மலையில் பஸ் மாறி வந்திருந்தாள். கனகலக்ஷ்மி கன்னடத்தில் எழுதி, எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். நடந்ததை அவளுக்குப் புரியும்படி சொன்னாள். பத்தொன்பது முறை அமுக்கியதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பாக்கியலட்சுமியே கேட்டாள். “மேஸ்திரிகிட்ட நாந்தானுங்க, திருப்பி அமுக்குங்க, திருப்பி அமுக்குங்கன்னு கத்துனேன். அதுல ஏதாச்சும் தப்பா ஆயிருச்சுங்களா?”

“இல்லம்மா,” என்றாள் கனகலக்ஷ்மி. இருபது வருட சர்வீஸில் ஒரு சாட்சியிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

“வண்டி அப்பவே வந்திருந்தாப் பொழைச்சிருப்பாருங்களா?”

“பிழைச்சிருக்கலாம்னு டாக்டர் சொல்றார்.”

பாக்கியலட்சுமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சொன்னாள்.

“ஆளே இல்லாத எடத்துக்கு முப்பத்தி நாலு பேரு. எங்களுக்கு ஒருத்தரு இல்லாம போச்சுங்களா?”

கனகலக்ஷ்மி நிமிர்ந்தாள்.

“அதையும் எழுதுங்க மேடம்.”

எழுதினாள். பாக்கியலட்சுமி கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

குற்றப்பத்திரிகைக்காகக் காகிதங்கள் மேலே போய்த் திரும்பி வந்தபோது, பாக்கியலட்சுமி சொன்ன அந்தக் கடைசி வரியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தது. பக்கத்தில், சின்னக் கன்னட எழுத்தில், வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று எழுதியிருந்தது.